வே புரோட்டீன் பவுடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வே புரோட்டீன் எதிலிருந்து வருகிறது?

பாலில் இருந்துதான். பாலில் ரென்னெட் என்ற நொதியையோ அமிலத்தையோ சேர்த்தால் அது திரிந்து, கட்டி வேறு, நீர் வேறாகப் பிரியும். கட்டி பாலாடைக்கட்டியாகிறது. இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மிஞ்சும் நீருக்குப் பெயர்தான் 'வே'. பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், அது கட்டியோடு போய்விடும். மீதி 20 சதவீதம் நீரில் கரைந்தே இருக்கும். அதில் பாதிக்கு மேல் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற ஒரே புரதம்.

10 லிட்டர் பாலில் பாலாடைக்கட்டி செய்தால் சுமார் 9 லிட்டர் வே மிஞ்சும். வெகுகாலம் அது பன்றித் தீவனமாகவோ சாக்கடைக்கோ போய்க்கொண்டிருந்தது. 1970களில் நுண்துளைச் சவ்வுகளால் வடிகட்டும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்த பிறகுதான் புரதத்தைக் கெடாமல் பிரித்தெடுக்க முடிந்தது. சவ்வு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர், பால்சர்க்கரை, உப்புகள் எல்லாம் கீழே இறங்கிவிடும். பிறகு சூடான காற்றில் தூவி உலர்த்தினால் பவுடர்.

அப்படியானால் வீட்டில் பாலைத் திரித்து வடித்த நீரையே குடிக்கலாமே?

குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அந்த நீரில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 100 மி.லி.க்கு புரதம் 1 கிராம்கூடத் தேறாது. ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி, சுமார் 30 கிராம்) பவுடரில் இருக்கும் 24 கிராம் புரதம் வேண்டுமென்றால் 3 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். கூடவே 130 கிராமுக்கு மேல் லாக்டோஸும் (பால்சர்க்கரை) உள்ளே போகும். பாலைக் கொதிக்கவைத்துத் திரித்தால் புரதம் இன்னும் குறையும். சூட்டில் வே புரதங்கள் விரிந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டு கட்டியிலேயே தங்கிவிடுவதுதான் காரணம்.

இது ஸ்டீராய்டா?

இல்லை. ஆனால் இந்தப் பயம் முழுக்கக் காற்றில் பிறந்ததும் அல்ல. 2000-2001இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடம், 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. வைட்டமின், தாதுப்பு, புரதம் என்று பலவகைப் பொருட்கள், எதிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிள் சொல்லவில்லை. ஆனாலும் 94இல், அதாவது ஏறத்தாழ 15 சதவீதத்தில், ஸ்டீராய்டு எனப்படும் ஆண் ஹார்மோன் வகைச் சேர்மங்கள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் போட்டிகளில் ஆடுபவர்கள், தொகுதிவாரியாக (ஒவ்வொரு பேட்ச்சாக) சோதித்துச் சான்று பெற்ற டப்பாவை மட்டுமே வாங்க வேண்டும். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் ஆகியவை அப்படிப்பட்ட சான்றுகள். சின்னம் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. டப்பாவில் அச்சிட்ட தொகுதி எண்ணைச் சான்று தருபவரின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.

கான்சன்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைசேட்: எதை வாங்குவது?

பெரும்பாலோருக்குக் கான்சன்ட்ரேட்டே போதும். அதிகம் விற்கும் 80 சதவீதக் கான்சன்ட்ரேட்டில் 100 கிராமுக்கு 80 கிராம் புரதமும், 4 முதல் 8 கிராம் லாக்டோஸும், ஏறக்குறைய அதே அளவு கொழுப்பும் இருக்கும். வாசனைப் பொருளும் கோகோவும் சேர்த்த பிறகு புரத அளவு 70-78 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு.

ஐசோலேட்டை மேலும் வடிகட்டுகிறார்கள். அதில் புரதம் 90 சதவீதம், லாக்டோஸ் 1 சதவீதத்துக்கும் கீழே. பால் குடித்தால் வயிறு கலங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதில் அர்த்தம் உண்டு. "ஐசோலேட் தசையை வேகமாக வளர்க்கும்" என்ற பேச்சை நம்பி வாங்குவதில் அர்த்தம் இல்லை. புரத கிராம் சமமானால் பலனும் சமம்தான்.

ஹைட்ரோலைசேட் என்பது நொதிகளால் முன்கூட்டியே உடைத்த புரதம். கசக்கும். கசப்பை மறைக்க இனிப்பு கூடும். சாதாரணப் பயிற்சியாளருக்கு அதற்கான தேவை இல்லை.

எனக்கு இது தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பவுடரிலிருந்து தொடங்காதீர்கள், தட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு நாளின் புரதத் தேவையைக் கணக்கிடுங்கள். உட்கார்ந்த வாழ்க்கை வாழும் ஆரோக்கியமான பெரியவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்வார்கள். 1.6 நல்ல நடு இலக்கு. 65 வயது தாண்டியவருக்கு 1.0 முதல் 1.2. உடல் மிகப் பருத்தவர்கள் இப்போதைய எடையை வைத்துப் பெருக்கினால் தேவைக்கு மிஞ்சிய எண் வரும். அவர்கள் உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடலாம்.

அடுத்து, மூன்று நாட்கள் சாப்பிடுவதை அப்படியே எழுதிவையுங்கள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 250 மி.லி. பாலில் 8 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 8-9 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம், சோறு 100 கிராமில் இரண்டரை கிராம். இந்த அளவுக்குத் தோராயமே போதும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் பளு தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவை 60 × 1.6 = 96 கிராம். சாப்பாட்டில் 70 கிராம் வருகிறது. குறைவது 26. ஒரு ஸ்கூப் அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும், இரண்டாவது ஸ்கூப் வீண். அதே ஆள் பயிற்சியே செய்யாதவரானால் தேவை 48 கிராம்தான். சாப்பாட்டிலேயே 70 வருகிறது, பவுடருக்கு இடமே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் பலர் டப்பா வாங்காமலே நின்றுவிடுவார்கள். அது நஷ்டம் அல்ல.

இதனால் தசை எவ்வளவு கூடும்?

விளம்பரத்தில் பார்ப்பதைவிட மிகக் குறைவாக. எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதமும் எடுத்தவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரை, ஒன்றாகத் திரட்டி 2018இல் ஓர் அலசல் வெளியானது. பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் புரதமும் சேர்த்தவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை சராசரியாக 0.3 கிலோ கூடியிருந்தது. ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடை சுமார் 2.5 கிலோ உயர்ந்திருந்தது. ஒரு நாளின் மொத்தப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராமைத் தொட்ட பிறகு மேலும் சேர்த்ததில் தசைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. வேலையில் பெரும்பங்கைச் செய்வது பயிற்சிதான்.

மற்றப் புரதங்களோடு ஒப்பிட்டால் வேக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. ஒன்று, சீக்கிரம் செரிக்கும். இன்னொன்று, லியூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானத் துணுக்குகளில் ஒன்று) இதில் அதிகம், புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தசைக் கட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை லியூசின். ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் போதும், 25 கிராம் வே புரதத்திலேயே அது கிடைத்துவிடும். பால் சேர்க்காதவர்கள் சோயா, பட்டாணிப் புரதங்களைச் சற்றுக் கூடுதல் அளவில் எடுத்தால் இதே இடத்துக்கு வந்துசேரலாம்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் வீணா?

இல்லை. 2013இல் இந்த நேரக் கணக்கை அலசியபோது, நாளின் மொத்தப் புரதத்தைச் சமன்செய்து பார்த்ததும் நேரத்தின் பலன் காணாமல் போனது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் புரதம் உள்ள ஒரு சாப்பாடு இருந்தால் போதும். வெறும் வயிற்றோடு காலையில் பயிற்சி செய்பவர் மட்டும் முடிந்தவுடன் சாப்பிடுவது நல்லது.

ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேல் உடல் ஏற்காதாமே?

குடல் ஏற்கும், நேரம்தான் கூடும். 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 25 கிராம் பால் புரதத்தையும் 100 கிராமையும் ஒப்பிட்டார்கள். பெரிய அளவைக் குடித்தவர்களுக்குத் தசைக் கட்டுமானம் 12 மணி நேரம் தாண்டியும் உயர்ந்தே இருந்தது. இருந்தாலும் 50 கிராமை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கனக்கும், பசி கெடும். வேளைக்கு 20-40 கிராம் என்பது அந்த வசதிக்காகத்தான்.

உடல் எடையைக் குறைக்க உதவுமா?

மறைமுகமாக. 30 கிராம் ஸ்கூப்பில் சுமார் 120 கலோரி, குடித்தால் பசி சற்றுத் தணியும். கலோரியைக் குறைக்கும் நாட்களில் உடல் தசையையும் கரைக்கப் பார்க்கும். போதிய புரதமும் எடைப் பயிற்சியும் சேர்ந்தால் அந்த இழப்பு குறையும். வழக்கமான சாப்பாட்டில் எதையும் குறைக்காமல் மேலே ஒரு ஷேக் ஊற்றினால் எடை கூடத்தான் செய்யும். 'மாஸ் கெயினர்' என்று எழுதிய டப்பாவை எடை குறைக்க வாங்கும் தவறும் நடக்கிறது. அது எடை கூட்டுவதற்கான பவுடர், அதில் பெரும்பகுதி மாவுச்சத்து.

வயதானவர்களுக்குப் பலன் உண்டா?

இந்தப் பவுடரால் மெய்யான பயன் பெறக்கூடியவர்கள் அவர்கள்தான், விளம்பரத்தில் இளைஞர்களைக் காட்டினாலும். வயது ஏற ஏற, சிறிதளவு புரதத்துக்குத் தசை மந்தமாகவே பதில் சொல்லும். இளைஞருக்கு ஒரு வேளையில் 20 கிராம் செய்யும் வேலைக்கு முதியவருக்கு 30 கிராமுக்கு மேல் தேவைப்படலாம். ஆனால் பசியின்மை, பல் இல்லாமை, மெல்லும் சிரமம் எல்லாம் சேர்ந்து புரதத்தைத்தான் முதலில் குறைக்கும். அப்படிப்பட்டவருக்குக் கஞ்சியிலோ பாலிலோ கலந்த ஒரு ஸ்கூப் எளிய வழி. புரதம் மிகக் குறைந்த வேளையில், பெரும்பாலும் காலை உணவில், சேர்ப்பது நல்லது. நாற்காலியிலிருந்து கைப்பிடி இல்லாமல் பத்து முறை எழுந்து உட்காருவது போன்ற பயிற்சியாவது கூட இருக்க வேண்டும். குடித்துவிட்டுப் படுத்திருந்தால் கால்களுக்குப் பலம் வராது. சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நல்லதா?

இரண்டுக்கும் சான்று உண்டு, அளவோடு. சாப்பாட்டுக்கு முன் வே குடித்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், இன்சுலினும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் சுரக்கும். 2014இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 15 பேரிடம் நடந்த ஆய்வில், காலை உணவுக்கு முன் 50 கிராம் வே குடித்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 28 சதவீதம் குறைந்தது. 50 கிராம் என்பது கிட்டத்தட்ட இரண்டு ஸ்கூப், அந்தக் கலோரியும் கணக்கில் சேரும். இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது, தாழ்சர்க்கரை வரலாம். இனிப்பு சேர்த்த வகை என்றால் நோக்கமே கெட்டுவிடும்.

இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்தவர்கள் எட்டு வாரம் தினமும் இரு வேளை 28 கிராம் வே எடுத்த 2016 ஆய்வில், 24 மணி நேரச் சராசரியில் மேல் அழுத்தம் 3.9 மி.மீ.யும் கீழ் அழுத்தம் 2.5 மி.மீ.யும் இறங்கின. மாத்திரையை நிறுத்த இது காரணம் ஆகாது.

நோய் எதிர்ப்புச் சக்தி?

கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான லாக்டோஃபெரினும் இம்யூனோகுளோபுலின்களும் வேயில் சிறிதளவு இருப்பது உண்மை. பவுடர் குடிப்பதால் சளி காய்ச்சல் அண்டாது என்பது டப்பாவின் ஆசை.

சிறுநீரகம் கெட்டுப்போகுமா?

ஆரோக்கியமான சிறுநீரகத்தை வே கெடுப்பதற்குச் சான்று இல்லை. புரதம் கூடும்போது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் சற்று உயரும், அது வேலைக்கேற்ற தகவமைப்பு. இரத்த யூரியாவும் சற்று ஏறும். பரிசோதனைக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் புரத அளவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே கிரியேட்டின் என்ற சப்ளிமென்ட்டையும் எடுத்தால் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து, சிறுநீரகம் பழுதானதைப் போலக் காட்டும். இல்லாத நோய்க்கு அலைய வேண்டிவரும்.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களின் கதை வேறு. டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவிலோ அதற்கும் கீழேயோ வைக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு ஸ்கூப்பே அன்றைய பங்கில் பாதியைத் தின்றுவிடும். சிக்கல் என்னவென்றால் இந்த நோய் வெகுகாலம் அறிகுறி காட்டாது. எனவே சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் சிறுநீரக நோய், இதில் ஒன்று இருந்தாலும் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

குடித்தால் வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது. என்ன செய்வது?

பழியை முதலில் லாக்டோஸ் மேல் போடுவார்கள். கான்சன்ட்ரேட் ஸ்கூப் ஒன்றில் அது 1.2 முதல் 2.4 கிராம்தான். லாக்டோஸ் ஒவ்வாதவர்களிலும் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஆனால் பவுடரைப் பாலில் கலக்குபவர் 250 மி.லி.க்கு 12 கிராம் லாக்டோஸைக் கூடவே ஊற்றிக்கொள்கிறார். ஆகவே ஒரு வாரம் தண்ணீரில் கலந்து, அரை ஸ்கூப் மட்டும் குடித்துப் பாருங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் குடலில் நீரை இழுத்துப் பேதியாக்கும். கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன், குவார் பசைகள் சிலருக்கு வாயு உண்டாக்கும். அவை இல்லாத, வாசனை சேர்க்காத வகைக்கு மாறுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஐசோலேட். குலுக்கியதும் நுரையோடு மடமடவென்று குடிப்பதும் காற்றை உள்ளே தள்ளும். ஐந்து நிமிடம் வைத்து நுரை அடங்கிய பின் குடிக்கலாம். மலச்சிக்கல் என்றால் குற்றம் பவுடருடையது அல்ல, அது இடம் பிடித்துக்கொண்டதால் காய்கறியும் பழமும் குறைந்துபோனதுதான்.

பால் அலர்ஜி உள்ளவர்கள் ஐசோலேட் குடிக்கலாமா?

கூடவே கூடாது. லாக்டோஸ் செரியாமை பால்சர்க்கரையால் வருவது, பால் அலர்ஜி புரதத்தால் வருவது. ஐசோலேட் என்றால் அந்தப் புரதம் இன்னும் செறிவாக இருக்கிறது என்று பொருள்.

முகப்பரு வருமா? முடி கொட்டுமா?

பரு சிலருக்கு வரலாம். வே இன்சுலினையும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் உயர்த்தும், இரண்டும் எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டக்கூடியவை. நான்கிலிருந்து ஆறு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிக்கும் வேக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று இல்லை.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது?

பவுடரில் கால்சியம் இருக்கிறது. தைராய்டுக்கான லெவோதைராக்சினோடு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் கால்சியம் பிடித்துக்கொள்ளும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவோடு புரதமே போட்டியிடும், அதற்கு நேரம் குறிக்க மருத்துவரைக் கேளுங்கள். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் வேயைத் தொடவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

லேபிளில் எதைப் பார்ப்பது? ஏமாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கூப்புக்கு எத்தனை கிராம் புரதம் என்பதை ஸ்கூப்பின் எடையால் வகுங்கள். 30 கிராமில் 24 என்றால் 80 சதவீதம். 34 கிராமில் 20 என்றால் 59 சதவீதம், மீதி என்ன என்று கேட்க வேண்டும்.

ஆனால் அந்த 24ஐயே நம்பலாமா? ஆய்வகம் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பால் புரதம் என்பதால் 6.38ஆல் பெருக்கும். இந்த ஓட்டையில்தான் மலிவான அமினோ அமிலங்கள் நுழைகின்றன. கிளைசின் எடையில் 18.7 சதவீதம் நைட்ரஜன், ஆகவே 1 கிராம் கிளைசின் கணக்கில் 1.19 கிராம் 'புரதம்' ஆகிவிடும். 1 கிராம் கிரியேட்டின் 2 கிராமாகத் தெரியும். 2008இல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்ததும் இதே தந்திரம்தான். அங்கே குழந்தைகள் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

எனவே சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின், குளுட்டமின் என்று தனியாக எழுதியிருந்தால், அவற்றைக் கழித்த புரத அளவு தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். லியூசின் அளவு இன்னொரு உரைகல். 24 கிராம் வே புரதத்தில் அது 2.4-2.8 கிராம் இருக்க வேண்டும். 1.5 என்றால் உள்ளே இருப்பது முழுக்க வே அல்ல. லியூசினையே தனியாகச் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. 'சொந்தக் கலவை' என்று பெயரிட்டு அளவுகளை மறைத்த டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

சாக்லேட் சுவையை மட்டுமே தினமும் குடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கோகோச் செடி மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுக்கும். கன உலோகச் சோதனை முடிவை வெளியிடும் தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது சுவையை மாற்றுங்கள்.

கட்டி தட்டாமல் கலப்பது எப்படி?

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் அடியில் பசையாக ஒட்டும். ஒரு ஸ்கூப்புக்கு 200-250 மி.லி. குளிர்ந்த அல்லது சாதாரணத் தண்ணீர், 20 விநாடி குலுக்கல். ஸ்கூப்பை ஒரு முறையாவது சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அடைத்து அள்ளினால் 30 கிராம் ஸ்கூப்பில் 38 கிராம்கூட ஏறும்.

சூடான காபியிலோ கஞ்சியிலோ நேரடியாகக் கொட்டினால் திரளும், ஏனென்றால் 70 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வே புரதங்கள் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முதலில் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் சேருங்கள். திரண்டாலும் சத்து போய்விடாது, செரிமானத்தில் எப்படியும் அது உடையத்தான் போகிறது. மாவில் கலந்து சுட்டால் பண்டம் ரப்பர்போல வறளும். மாவின் அளவில் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள்.

திறந்த டப்பா எவ்வளவு நாள் தாங்கும்? ஷேக்கர் ஏன் நாறுகிறது?

ஈரம்தான் பவுடரின் எதிரி. ஈரக் கையால் ஸ்கூப்பைத் தொடுவது, அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது, ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுக்கும்போது உள்ளே வியர்க்கவிடுவது, மூன்றுமே கட்டியாக்கும். திறந்த டப்பாவை மூன்று நான்கு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. வெப்பத்தில் பழசானால் லாக்டோஸும் லைசின் என்ற அமினோ அமிலமும் வினைபுரிந்து நிறம் பழுப்பேறும், பழைய அட்டைப்பெட்டி வாசம் வரும். அதில் லைசின் குறைந்திருக்கும். பூஞ்சையோ புளித்த வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

கலந்த ஷேக் வெளியில் இரண்டு மணி நேரம் தாங்கும், ஃபிரிட்ஜில் ஒரு நாள். வெயிலில் நிற்கும் வண்டியில் என்றால் ஒரு மணி நேரத்துக்கே நம்ப முடியாது. வெளியே கொண்டுபோவதானால் உலர்ந்த பவுடரையும் தண்ணீரையும் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள். ஷேக்கரின் நாற்றம் மூடியின் ரப்பர் வளையத்தில் ஒளிந்திருக்கும் புரதத்தால் வருவது. குடித்த கையோடு குளிர்ந்த நீரில் அலசுங்கள், கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே நாறுகிறது என்றால் வளையத்தைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். மூடியை வைத்து மூடாமல் காயவிடுங்கள்.